துளிக்குத் துளி துணையா, தடையா?

மழைத்துளி நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் தரையை வந்தடைகிறது. அதே நீரால் ஆன மேகத்துளியோ கீழே விழுவதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? துளியின் பருமனே காரணம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது சரிதான். ஆனால் சிறிய துளி எப்படிப் பெரிதாகிறது? இதற்கு விடை காண, துளியை மட்டும் பார்த்தால் போதாது. அதன் அண்டை அயலாரையும் பார்க்க வேண்டும்.

தனித்துளியின் பயணம்

காற்றிலோ திரவத்திலோ மெதுவாக விழும் சிறு கோளத்தின் மீது செயல்படும் பாகியல் தடை, அதன் ஆரம், வேகம், பாய்மத்தின் பாகியல் எண் ஆகியவற்றுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851-இல் வெளியிட்ட விதி. துளியின் எடைக்கு இத்தடை ஈடாகிவிட்டால் துளி மாறாத வேகத்தில் இறங்கும். அதுவே முற்றுத் திசைவேகம். இவ்வேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும்.

10 மைக்ரான் ஆரமுள்ள மேகத்துளிக்கு இவ்வேகம் நொடிக்கு 1.2 செ.மீ. மட்டுமே. அசைவற்ற காற்றில் அது ஒரு கிலோமீட்டர் இறங்க ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகும்! மேலெழும் காற்று சற்றே வீசினாலும் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இருவர் சேர்ந்தால்

இத்தகைய இரு கோளங்கள் அருகருகே விழுந்தால் என்ன ஆகும்? போலந்து அறிஞர் ஸ்மோலுகோவ்ஸ்கி 1911-இல் இதை ஆராய்ந்தார். 1926-இல் ஸ்டிம்சன், ஜெஃப்ரி ஆகிய இருவரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கோளங்களுக்குத் துல்லியமான தீர்வு கண்டனர். ஒன்றையொன்று தொட்டபடி இறங்கும் இரு சமக் கோளங்களில், ஒவ்வொன்றின் மீதும் உள்ள தடை தனிக்கோளத்தின் மீதுள்ளதில் 0.645 பங்குதான். ஆகவே அவை தனிக்கோளத்தைப் போல் 1.55 மடங்கு வேகமாக இறங்கும்.

காரணம் எளிது. ஒவ்வொரு கோளமும் தன்னைச் சூழ்ந்த பாய்மத்தையும் இழுத்துக்கொண்டு செல்கிறது. பக்கத்திலுள்ள கோளம் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் பாய்மத்தில் இருப்பதால், அதற்குத் தடை குறைகிறது. நீரோட்டத்தோடு நீந்துபவனின் நிலைதான் அதற்கும். வியப்பு என்னவென்றால், மெதுவான ஓட்டத்தில் பின்னால் வருவது முன்னால் செல்வதற்கும் அதே அளவு உதவுகிறது!

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உயரமான, அகன்ற கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெய் நிரப்புங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறு பால்ரஸ் குண்டு ஒன்றை ஜாடியின் நடுவில் விட்டு, அடியை அடையும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதே அளவுள்ள இரண்டை ஒட்டினாற்போல் ஒரே நேரத்தில் விடுங்கள். இரட்டையர் விரைவாக இறங்குவதைக் காண்பீர்கள்.

கூட்டம் கூடினால்

இரண்டுக்கே இவ்வளவு வேகம் என்றால், ஜாடி முழுவதும் குண்டுகள் பரவியிருந்தால் இன்னும் வேகமாக இறங்குமா? இல்லை, வேகம் குறையும்! மூடிய பாத்திரத்தில் குண்டுகள் கீழே வந்தால், அவற்றுக்கு இடம்விட்டுத் திரவம் மேலே போயாக வேண்டும். அந்த எதிரோட்டம் எல்லாக் குண்டுகளையும் தடுக்கிறது. பருமனளவில் நூற்றில் ஒரு பங்கு சிறு கோளங்கள் கலந்திருந்தாலே இறங்கும் வேகம் ஏறக்குறைய 6.5 சதவீதம் குறையும் என்பது பாட்செலர் 1972-இல் கண்ட முடிவு. துணையாக இருந்ததே தடையாகவும் ஆகிறது.

மழை பிறக்கும் இடம்

இனி மேகத்துக்கு வருவோம். 1 மி.மீ. ஆரமுள்ள ஒரு மழைத்துளி உருவாக, 10 மைக்ரான் ஆரமுள்ள துளிகள் 10 லட்சம் சேர வேண்டும். நீராவி படிந்து துளி வளர்வது, துளி பெரிதாகப் பெரிதாக மந்தமாகிவிடும். ஆகவே துளிகள் மோதி இணைய வேண்டும். மேகத்தில் கன சென்டிமீட்டருக்கு 100 துளிகள் இருந்தால், ஒன்றுக்கொன்று இடைவெளி சுமார் 2 மி.மீ.; அதாவது ஆரத்தைப் போல் 200 மடங்கு. ஆகவே எதிரோட்டத் தடை இங்கே பொருட்படுத்தத் தக்கதன்று.

ஆனால் இரு துளிகள் நெருங்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. பெரிய துளியைச் சுற்றி வளைந்தோடும் காற்று, எதிர்ப்படும் சிறு துளியையும் விலக்கிக்கொண்டு போய்விடுகிறது. பாதையில் இருக்கும் துளிகளில் எத்தனை பங்கு உண்மையில் மோதும் என்பதை லாங்மூர் 1948-இல் கணக்கிட்டார். பெரிய துளியின் ஆரம் 20 மைக்ரானுக்குக் குறைவாக இருந்தால் மோதல்கள் மிக அரிது. அந்த அளவைத் தாண்டிவிட்டாலோ வளர்ச்சி விரைவாகும்.

அந்த இடைவெளியைத் துளிகள் எப்படி விரைவில் கடக்கின்றன? கடலிலிருந்து எழும் பெரிய உப்புத் துகள்கள் சிலவற்றுக்கு நல்ல தொடக்கம் தருகின்றன. மேகத்தின் உள்ளே நிகழும் காற்றுக் கொந்தளிப்பு துளிகளை ஒன்றோடொன்று மோதச் செய்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்ற ஆய்வு இன்றும் தொடர்கிறது. மேகத்துளி எவ்வளவு விரைவில் மழைத்துளியாகும் என்ற கணக்கு இல்லாமல் வானிலைக் கணிப்பு இல்லை. நம் வயலில் மழை பெய்யுமா, மேகம் கடந்து போகுமா என்பது, இரு துளிகள் நெருங்கும் அந்த ஒரு நொடியில் நடப்பதையும் பொறுத்தது.