பெஞ்சில் உட்கார்ந்த நட்சத்திரத்தை யார் எழுப்புவது?

தமிழ் தலைவாஸ் கபடி அணி தோற்ற மறுநாள் காலை, திருவதிகை டீக்கடையில் ஒரு வழக்கு கட்டாயம் நடக்கும். "ஒத்த ஆளு எத்தனை தடவைதான் பாடிப் போவான்?" என்பார் ஒருவர். "கோடிக்கணக்குல வாங்குறவன் ஜெயிச்சுக் குடுக்க வேணாமா?" என்பார் இன்னொருவர். நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும், பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றப் போகிறவருக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. நட்சத்திர ஆட்டக்காரருக்குத் துணை போதுமா, போதாதா என்பதுதான் வழக்கின் சாரம்.

உலகமெங்கும் ரசிகர்கள் இதையேதான் பேசுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் அரணாக நிற்கும் ஐந்து பேர் சரியில்லை என்றால், எவ்வளவு நல்ல கை இருந்தும் பந்தை வீச அவகாசம் கிடைக்காது. ஆனால் அங்கே துணை எவ்வளவு தேவை என்பது கடைசிவரை கருத்தாகவே இருக்கும். கபடியில் அப்படி இல்லை. ஒருவர் ஆடுவதற்கு மற்றவர்கள் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை அதன் விதிகளே எண்ணிக்கையாக எழுதி வைத்திருக்கின்றன.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். புரோ கபடி லீக்கில் ஓர் ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரைடுக்கு, அதாவது எதிரணிக் களத்துக்குள் ஒருமுறை பாடிச் சென்று திரும்புவதற்கு, அதிகபட்சம் 30 விநாடி. இரு அணிகளும் மாறி மாறிப் போவதால் ஒரு நிமிடத்துக்கு ஓர் அணிக்கு ஒரு ரைடு. முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் ஆட்டம் முழுவதற்கும் ஓர் அணிக்குக் கிடைப்பவை 40 ரைடுகள். நட்சத்திர ரைடர் ஐந்து நிமிடம் வெளியே இருந்தால் அணியின் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு அவர் கைக்கு வராமலே போய்விடுகிறது.

அவர் ஏன் வெளியே இருக்கிறார்? பிடிபட்டால் வெளியே. எதிரணி ரைடர் வந்து அவரைத் தொட்டுவிட்டுத் தப்பினாலும் வெளியே. கிரிக்கெட்டில் ஆட்டமிழந்த மட்டையாளர் அந்த இன்னிங்ஸில் திரும்ப மாட்டார். கால்பந்தில் மாற்றப்பட்டவர் அத்தோடு சரி. கபடியிலோ வெளியேறியவருக்குத் திரும்பி வரும் வழி உண்டு. இதை மீள்வரவு என்போம். எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் நம் அணியில் ஒருவர் உள்ளே வரலாம்.

வழியைத் திறக்கும் சாவி மட்டும் அவர் கையில் இல்லை. பெஞ்சில் இருப்பவரால் புள்ளி எடுக்க முடியாது. களத்தில் மிஞ்சியிருப்பவர்கள் யாரையாவது தொட வேண்டும் அல்லது பிடிக்க வேண்டும். உலகிலேயே விலை கூடிய ரைடராக இருந்தாலும், பெஞ்சிலிருந்து அவரை எழுப்புவது விளம்பரத்தில் முகம் வராத ஒரு தோழன்தான்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம். மீள்வரவு வரிசைப்படிதான் நடக்கும். முதலில் வெளியேறியவர் முதலில் திரும்புவார். நட்சத்திரம் என்பதற்காக முன்னுரிமை கிடையாது. அவருக்கு முன்பே இரண்டு பேர் வெளியேறியிருந்தால், அந்த இருவரும் உள்ளே வந்த பிறகுதான் அவர் முறை. அவர் திரும்ப அணி மூன்று பேரை வீழ்த்த வேண்டும். போனஸ் புள்ளிகள் இந்தக் கணக்கில் சேராது. போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் பலகையில் ஒரு புள்ளி ஏறும். பெஞ்சிலிருந்து ஒருவரும் எழுந்து வரமாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நட்சத்திரம் ஓர் ஆட்டத்தில் நான்கு முறை வெளியேறுகிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சக வீரர்கள் நிமிடத்துக்கு ஒருவரை வீழ்த்தினால் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், மொத்தம் 12 நிமிடம் அவர் பெஞ்சில். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர்தான் என்றால் மொத்தம் 24 நிமிடம். ஆட்டமே 40 நிமிடம்தான். ஆளும் அதே ஆள், திறமையும் அதே திறமை. துணையின் வேகம் பாதியானதும் அவருடைய ஆட்டநேரம் 28 நிமிடத்திலிருந்து 16 நிமிடமாகக் கரைந்துவிடுகிறது.

எதிரணிக்கும் இது தெரியும். பெரிய ரைடர் வெளியே போனதும் அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். உள்ளே வந்து, யாரையும் தொடாமல், பாக் கோட்டை மட்டும் தாண்டிவிட்டுத் திரும்புவார்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் அந்தக் கோட்டைத் தாண்டினாலே ரைடு செல்லும். பிடிபடும் ஆபத்தும் குறைவு. ஒவ்வொரு வெற்று ரைடும் அரை நிமிடத்தைத் தின்கிறது. நட்சத்திரம் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தந்திரத்துக்கு விதியிலேயே பூட்டு இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ரைடுகள் வெறுமையாகப் போனால் மூன்றாவது வாழ்வா சாவா ரைடு. அதில் புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரைடரே வெளியே. எனவே அந்த மூன்றாவது ரைடில் எதிரணிக்காரர் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். அதுதான் பிடிப்பவர்களின் தருணம். அவரை மடக்கினால் ஒரு புள்ளியும் வரும், ஓர் ஆளும் வருவார். பார்ப்பவர்களுக்கு அது ஒரு நல்ல பிடி. பெஞ்சில் இருக்கும் ரைடருக்கோ அது உள்ளே வரும் சீட்டு.

அதனால்தான் துணை என்றதும் முதலில் மூலையைப் பார்க்க வேண்டும். களத்தின் இரு ஓரங்களிலும் நிற்கும் கார்னர் வீரர்கள்தான் பெரும்பாலும் கணுக்காலைப் பிடித்து ஆட்டத்தைத் திருப்புபவர்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் அந்தக் கலையில் பெரிய பெயர். 40 வயதைத் தாண்டிய பிறகும் ஆடினார். சக வீரர்களுக்கு அவர் அண்ணன். 2016-இல் அவர் தலைமையில்தான் பட்னா பைரேட்ஸ் நான்காவது சீசன் கோப்பையை வென்றது. பிற்காலத்தில் புள்ளிகளைக் குவித்துப் பெரும்புகழ் பெற்ற பிரதீப் நர்வால் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வியப்பு இடத்தில் இருக்கிறது. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி. ரைடர் யாரையும் தொடும்வரை லாபிக்குள் கால் வைக்கக் கூடாது. ஆக அவர் நுழையும் பாதிக் களம் ஏறத்தாழ 560 சதுர அடி. அதில் ஏழு பேர் நின்றால் ஆளுக்கு எட்டுக்குப் பத்து அறை அளவு இடம்தான். அந்த நெரிசலில் ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தொட்ட கணத்தில் லாபிகள் திறக்கின்றன. களம் 140 சதுர அடி விரிகிறது. எதிரே மூன்றே பேர் என்றால் தொடுவதற்கு முன்பே ஆளுக்கு 187 சதுர அடி. இடைவெளிகள் பெரிதாகின்றன, இரு பக்கமும் மூட ஆளில்லை.

எதிரே ஏழு பேர் நிற்கிறார்களா, மூன்று பேரா என்பதைத் தீர்மானிப்பவர்களில் சக வீரர்களும் உண்டு. இரண்டாவது ரைடர் ஒருவரைத் தொட்டு வந்திருந்தால், கார்னர் வீரர் ஒருவரை மடக்கியிருந்தால், நட்சத்திரம் நுழையும் களம் ஏற்கெனவே விசாலமாகியிருக்கும். ஆட்டம் இதற்கும் ஒரு விலை வைத்திருக்கிறது. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் புள்ளி உண்டு. மூன்று பேரோ அதற்குக் கீழோ இருக்கும்போது ரைடர் பிடிபட்டால் அது சூப்பர் டேக்கிள். எதிரணிக்கு ஒன்றுக்கு இரண்டு புள்ளி. காலியான களத்திலும் அலட்சியத்துக்கு இடமில்லை.

மூன்றாவது வியப்பு உடலுக்குள். திடீரெனப் பாய்வதற்கும் உதறித் தப்புவதற்கும் தசைகள் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளை நம்பியிருக்கின்றன. உடனே எடுத்துச் செலவழிக்கத் தசைக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்ட ஆற்றல் அது. முழு வேகத்தில் செலவழித்தால் பத்து விநாடி அளவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பாதி திரும்பச் சுமார் அரை நிமிடம் தேவை; ஏறக்குறைய முழுவதும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும்.

இதை ரைடு கணக்கோடு பொருத்திப் பாருங்கள். அணியின் ஒவ்வொரு ரைடுக்கும் நட்சத்திரமே போனால், இரண்டு ரைடுகளுக்கு நடுவே அவருக்குக் கிடைப்பது 30 விநாடி. அந்த நேரத்திலும் எதிரணி ரைடர் உள்ளே வருவார். இவர் தடுத்து நிற்க வேண்டும், அல்லது தொடுபடாமல் விலக வேண்டும். நம்பகமான இரண்டாவது ரைடர் ஒருவர் இருந்து மாறி மாறிப் போனால் அந்த இடைவெளி 90 விநாடியாகிறது. அந்தத் துணைவர் ஒரு புள்ளியும் எடுக்காமல் திரும்பினாலும், நட்சத்திரத்தின் தசைகளுக்கு ஒரு நிமிடத்தைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார். புள்ளிப்பட்டியலில் அந்த ஒரு நிமிடத்துக்குக் கட்டம் கிடையாது.

இனி வழக்குக்குச் சாட்சிகளை அழைக்கலாம். 2017-இல் பிரதீப் நர்வால் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளிகள் எடுத்தார். பட்னா கோப்பையை வென்றது. அப்போது அதே அணியில் மறுபக்கம் 190-ஐத் தாண்டிய புள்ளிகளோடு மோனு கோயத் இருந்தார். அடுத்த ஆண்டு 1.51 கோடி ரூபாய்க்கு ஹரியாணா ஸ்டீலர்ஸ் அவரை வாங்கிக்கொண்டது. பிரதீப் பட்னாவிலேயே இருந்தார். 2018-இல் 233 ரைடு புள்ளிகள், 2019-இல் 300-க்கும் மேல். இரண்டு ஆண்டுகளிலும் அணி பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை.

நம் தலைவாஸ் கதை இன்னும் கூர்மையானது. 2016 உலகக் கோப்பை இறுதியில் இந்தியா ஈரானை 38-29 என்று வென்றபோது 12 ரைடு புள்ளிகள் எடுத்த அஜய் தாக்கூர், 2017-இல் தலைவாஸ் தொடங்கியபோதே தலைவராக வந்தார். முதல் இரண்டு சீசன்களிலும் 200-ஐத் தாண்டினார். அணியோ இரண்டு முறையும் தன் பிரிவில் கடைசி. 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌதரி, மஞ்சீத் சில்லர் என்று பெரும்பெயர்கள் ஒரே அணியில் இருந்தன. 12 அணிகளில் கடைசி இடம்.

பிறகு 2022 வந்தது. பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்குத் தலைவாஸ் எடுத்தது. அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் கிடைக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம். அத்தோடு அவருக்கு சீசன் முடிந்தது. கதை இங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் அறிமுக வீரர் நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் குவித்தார். அஜிங்க்யா பவார் மறுபக்கம் தாங்கினார். சாகர் ராட்டீயும் சாகில் குலியாவும் மூலைகளைக் காத்தார்கள். ஆஷன் குமாரின் பயிற்சியில் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அடுத்த சீசனில் பவன் முழு நலத்தோடு தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்குப் போனார். விலை 2.60 கோடிக்கும் மேல். 202 ரைடு புள்ளிகள் எடுத்தார். டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. கடைசி இடம்.

இதை வைத்து நட்சத்திரம் வேண்டாம் என்று சொன்னால் தவறு. நரேந்தர் என்ற புது நட்சத்திரம் எழாமல் தலைவாஸ் அரையிறுதியைக் கண்டிருக்காது. மீள்வரவு இருபுறமும் ஓடும் விதி. நட்சத்திரம் ஒரே ரைடில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினால், பெஞ்சிலிருந்து மூன்று தோழர்கள் எழுந்து வருகிறார்கள். அவர்கள் அவரை எழுப்புகிறார்கள். அவர் அவர்களை எழுப்புகிறார். இந்தச் சுற்று எங்காவது அறுந்தால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வெளியேறி ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. அதன் பிறகு ஏழு பேரும் மொத்தமாக உள்ளே வருவார்கள். நட்சத்திரத்தைத் திரும்பப் பெற, கடைசியாக மிஞ்சிய ஓரிருவரையும் இழந்து அந்த இரண்டு புள்ளியைத் தெரிந்தே கொடுக்கும் அணிகளும் உண்டு. ஒரு மனிதர் களத்தில் இருப்பதற்கு ஓர் அணி என்ன விலை தரத் தயாராக இருக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆட்டம் வேறு எனக்குத் தெரியவில்லை.

எனவே டீக்கடை வழக்கில் இரு கட்சியும் தவறான கணக்கைத்தான் கையில் வைத்திருக்கின்றன. ரைடர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை எல்லோரும் எண்ணுகிறார்கள். அதோடு இன்னொன்றையும் எண்ணுங்கள்: அவர் வெளியேறிய ஒவ்வொரு முறையும் திரும்பி வர எத்தனை நிமிடம் ஆயிற்று? கையில் இருக்கும் கைப்பேசிக் கடிகாரமே போதும். அந்த நிமிடங்கள் குறைவாக இருந்தும் அணி தோற்றால் ரைடரைக் கேள்வி கேட்கலாம். ஆட்டத்தில் பாதி நேரம் அவர் பெஞ்சில்தான் என்றால் கேள்வி மூலைகளுக்கும் இரண்டாவது ரைடருக்கும், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் போக வேண்டும். பொங்கலுக்கு ஊரில் நடக்கும் போட்டியானாலும் லீக் ஆனாலும், ஆட்டத்தின் பாதித் தகவல் பெஞ்சில்தான் இருக்கிறது.