வெடிக்காத குண்டும் வறியோர் நிலமும்

வன்னியில் 2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் அடங்கின. மண்ணுக்குள் கிடந்தவை அடங்கவில்லை. அம்மையார்குப்பத்தில் தறியோசைக்கிடையே வாழும் நமக்கு இது தொலைதூரக் காரியமாகத் தோன்றலாம். ஆயினும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. அங்கிருந்து ஊர் திரும்புவோர் எத்தகைய மண்ணில் கால் வைக்கின்றனர் என்பதைப் போதகர் அறிந்திருத்தல் நலம்.

எறிகணை விழுந்தும் வெடியாதிருப்பது ஏன்? சேற்றிலோ மணலிலோ விழும்போது அதன் முனையிலுள்ள விசை போதிய அதிர்ச்சி பெறுவதில்லை. சிலவேளை விசையே பழுதுற்றிருக்கும். உள்ளிருக்கும் மருந்தோ சாவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் மண்வெட்டியோ அடுப்பு நெருப்போ அதனை எழுப்பிவிடும். மிதிவெடியின் நிலை வேறு. அது காத்திருப்பதற்கென்றே புதைக்கப்பட்டது. 2000 முதல் 2009 வரை போர்முனையாயிருந்த முகமாலையில், பனையும் தென்னையும் நின்ற காணிகளில், அவை வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டன.

அபாயப் பலகை நட்டிருந்தும் உள்ளே போனது ஏன் என்று கேட்போர் உண்டு. அது வயிறு நிறைந்தோர் கேட்கும் கேள்வி. விறகும், பனம்பழமும், மாட்டுக்குப் புல்லும் பலகைக்கு அப்பால் அல்லவா இருக்கின்றன! பழைய இரும்புக்கும் காசு கிடைக்கிறது. அறியாமையால் செல்வோர் சிலர். அறிந்தே செல்வோர் பலர்.

லாவோஸ் நாட்டின்மேல் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் 27 கோடி என்றும், அவற்றுள் ஏறத்தாழ 8 கோடி வெடிக்கவில்லை என்றும் மதிப்பிடுவர். அங்கும் ஏழை உழவர் இரும்புக்காகத் தோண்டி மாண்டனர். நாபியா என்னும் சிற்றூரார் போர் விட்டுச்சென்ற அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கின்றனர். பட்டயத்தை மண்வெட்டியாக அடிப்பதைக் குறித்து நாம் பீடத்தில் நின்று எளிதாகப் பேசிவிடுகிறோம். அதனை மெய்யாகவே செய்பவன் கையையும் கண்ணையும் பணயம் வைக்கிறான். அத்தீர்க்கதரிசனம் ஏசாயாவிலும் உண்டு, மீகாவிலும் உண்டு. ஆனால் அவனவன் தன் திராட்சச்செடியின் நிழலில் அச்சமின்றி அமர்வதைச் சேர்த்துரைப்பவர் நாட்டுப்புறத்தாராகிய மீகாவே. போர் நிறுத்தத்தோடு அவர் திருப்தியடையவில்லை.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் எனத் தவணை ஏற்பட்டது. (இந்தியா இதில் சேரவில்லை.) இராணுவத்தின் பிரிவோடு ஹேலோ டிரஸ்ட், மேக் முதலிய நிறுவனங்களும் உழைத்துள்ளன, அயல்நாட்டுக் கொடையே அவற்றின் பெரும் ஆதாரம். கருவியால் சோதித்து, கைப்பிடி கைப்பிடியாக மண்ணைச் சுரண்டும் அவ்வேலையில் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். போரில் கணவரை இழந்து, குடும்பப் பாரத்தைத் தனியே சுமப்போரும் அவர்களுள் உளர். கடைசிக் காணி துப்புரவாகும் நாளில் அவர்களது கூலியும் நின்றுபோகும். அதன்பின் அவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்பதைத் திருச்சபையின் தொண்டுப் பிரிவுகள் இப்பொழுதே எண்ணத் தொடங்கவேண்டும்.