புழுவுக்கும் ஓர் இலை

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் கழிக்கும் நோயாளிகளின் களைப்பை நாங்கள் நன்கறிவோம். அதே நான்கு மணி நேரம் வெளியே காத்திருக்கும் மனைவி, மகன், மருமகள் ஆகியோரின் களைப்பை எந்த மருத்துவக் குறிப்பேடும் பதிவு செய்வதில்லை. வெளியூரிலிருந்து வரும் அவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு: "டாக்டர், பக்கத்துல மனசுக்கு இதமா போய்வர ஏதாவது இடம் இருக்குங்களா?" மலைக்கோட்டைக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள், முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அதைச் சொல்ல இயலாது. ஆகவே, திருவரங்கத்தை அடுத்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைச் சொல்வது எங்கள் வழக்கம்.

காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து உருவாக்கிய தீவு திருவரங்கம். அத்தீவில், மேலணைக் காப்புக்காட்டுப் பகுதியில், ஏறத்தாழ 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த இப்பூங்கா 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. செல்பவர்கள் வண்ணச் சிறகுகளைத் தேடுகிறார்கள். நாங்கள் பார்க்கச் சொல்வது செடிகளை.

வண்ணத்துப்பூச்சிக்கு இருவகைச் செடிகள் வேண்டும். ஒன்று, வளர்ந்த பூச்சி தேன் அருந்தும் மலர்ச்செடி. மற்றொன்று, அதன் புழு தின்னும் இலைச்செடி. முதல் வகை பெரும்பாலும் எதுவாகவும் இருக்கலாம், இரண்டாவது அவ்வாறன்று. வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கிலை வேண்டும். வேறு சில இனங்களின் புழுக்களுக்கு ஆமணக்கு, எலுமிச்சை, கறிவேப்பிலை என இன்ன இலைதான் வேண்டும். மலர்ச்செடிகளை மட்டும் நட்டால் பூச்சி விருந்தாளியைப் போல வந்து போகுமேயன்றிக் குடியிருக்காது. நாம் களையென்று வெட்டும் எருக்கும், பூச்சி அரித்த செடியென்று பிடுங்கியெறியும் செடியும் இல்லாமல் எந்த நிலத்தையும் மீட்டெடுக்க முடியாது.

சிறுநீரக மருத்துவர்கள் என்ற முறையில் இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றின் இலையைத் தின்று வளரும் சில புழுக்கள், அச்செடியின் நஞ்சைத் தம் உடலிலேயே சேர்த்துவைக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் செவ்வுடல் வண்ணத்துப்பூச்சிகளைப் பறவைகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அதே அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தை அழிக்கவல்லது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கு இக்குடும்பச் செடியே காரணம். அச்செடி வேலியில் இருக்கட்டும், கஷாயத்தில் வேண்டாம். எந்த நாட்டு மருந்தை உட்கொண்டாலும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

நிலத்தை மீட்பதும் கலையும் கூடிவாழ்தலும் ஒன்றாக இயலும் என்பதைப் பேரளவில் காண விரும்புவோர் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லுக்குச் செல்லலாம். 1968இல் அந்நகரம் தொடங்கப்பட்டபோது அது பெரும்பாலும் மரமற்ற செம்மண் மேடு. மழைநீர் மண்ணை அரித்துச் சென்றது. வந்தவர்கள் வரப்புகளும் தடுப்பணைகளும் எழுப்பி நீரை நிறுத்தி, மரங்களை நட்டு வளர்த்தனர். இன்று அக்காட்டினிடையே மட்பாண்டக் கலைக்கூடங்களும், பலரும் கூடி உண்ணும் பொதுச் சமையற்கூடமும் உள்ளன. ஆயினும் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை என்பதை எங்கள் காத்திருப்புக் கூடமே எங்களுக்குக் காட்டியது.

கூடத்திற்கு வெளியே உள்ள சிறு நிலத்தில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நட்டிருந்தோம். மேலூர் பூங்காவுக்குச் சென்றுவந்த ஒரு நோயாளியின் மனைவி, கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் கொண்டுவந்து வைத்தார். சில வாரங்களில் அதில் புழுக்கள் தோன்றின. முதலில் பறவை எச்சம் போலவும் பின்னர் பச்சையாகவும் இருந்தன. எங்களுள் ஒருவரே பூச்சிமருந்து தெளிக்கச் சொன்னார். மறுநாள் அந்நோயாளி எங்களிடம் கேட்டார்: "பூவை வச்சிட்டு புழுவை வேண்டாங்கிறீங்களே டாக்டர், அதுக்கும் சாப்பாடு வேணுமில்லையா?" எங்களிடம் பதிலில்லை.

தெளிப்பது நின்றது, புழுக்கள் மீண்டும் வந்தன. ஒரு புழு தண்டில் கூட்டுப்புழுவாகத் தொங்கிய நாள்முதல் அவர் திங்கள், புதன், வெள்ளி என ஒவ்வொரு முறையும் முதலில் அதைப் பார்த்துவிட்டே உள்ளே வந்தார். அதற்கு முன்பு அவர் அவ்வப்போது சிகிச்சையைத் தவறவிடுபவர். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறி இதயத்துக்கு ஆபத்தாகலாம் என நாங்கள் பலமுறை எச்சரித்திருக்கிறோம். பூச்சியால்தான் அவர் தவறாமல் வந்தார் என்று சொல்ல எங்களிடம் சான்றில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். அது சிறிய ஆய்வுதான். எனினும் அந்தச் சன்னலை மூட எங்களுக்கு மனமில்லை.

பின்னர் காத்திருக்கும் பெண்கள் தொட்டிகளைச் சுற்றிக் கோலமிடத் தொடங்கினர். ஒருவர் புள்ளி வைப்பார். முன்பின் அறியாத மற்றொருவர் இழை சேர்ப்பார். முதலில் கல்மாவு; பின்னர் ஒரு பாட்டியார் கண்டித்ததால் அரிசிமாவு. எறும்புகள் வந்தன. நீலன்கள் எனப்படும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்களை எறும்புகளே காவல் காக்கும். அதற்குக் கூலியாகப் புழு சுரக்கும் இனிப்பைப் பெறும். இதைச் சொன்னபோது பாட்டியார் வியக்கவில்லை.

செடி வளர்க்க விரும்புவோருக்குச் சில சொற்கள். டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கையில் எலுமிச்சை முள் குத்தக் கூடாது. அக்கையால் கனமான தொட்டியைத் தூக்கவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் மண்ணில் இறங்க வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் எங்களைக் கேட்ட பின்னரே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து மண்ணைத் தொட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்கவிடாதீர்கள்; டெங்குக் கொசு வளரும்.

கறிவேப்பிலைச் செடியில் இப்போது இலை குறைவு. "குழம்புக்குப் பறிக்காதீர்" என்று ஓர் அட்டை அதில் தொங்குகிறது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.