கோழிக்கூட்டில் காசு எங்கே போக வேண்டும்?

வீட்டுக் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்படும் நேயர்களே, கூட்டுக்குப் புது மரம் வாங்க வேண்டியதில்லை. பழைய கதவுப் பலகை, சவுக்குக் கம்பு, மூங்கில், மேலே தென்னங்கீற்று, அவ்வளவு போதும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: வலை.

கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும்; தெருநாயும் கீரிப்பிள்ளையும் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் கம்பிவலையையே வாங்குங்கள். கோழி உலாவும் அடைப்பைச் சுற்றி, வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக 1 அடி மடக்கித் தரையில் படியவிட்டு, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிடுங்கள். வேலியோரம் குழி பறிக்கும் விலங்கு வலையில் முட்டி நின்றுவிடும். கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 2 சதுர அடி, வெளி அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி கொடுங்கள். கூடு தரையிலிருந்து 2 அடி உயர்ந்து நின்றால் மழைக்காலத்தில் ஈரம் ஏறாது. குளிருமே என்று நாலு பக்கமும் சாக்கால் மூடிவிடாதீர்கள், பாவம்! எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கி, கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். இரவில் ஏறி உட்கார ஒரு கம்பு, முட்டையிட வைக்கோல் பரப்பிய கூடை, இவையும் வேண்டும்.

கோழி வாங்கும் முன்பே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டு வையுங்கள்.