உபகாரச் சம்பளம்: வாங்கினால் மட்டும் போதுமா?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் திருச்சி உறையூரிலும் ஒரே பேச்சுத்தான். "பிள்ளைக்கு எத்தனை மார்க்?" என்று முதலில் கேட்பார்கள். "காலேஜ் சம்பளத்துக்கு என்ன ஏற்பாடு?" என்பது அடுத்த கேள்வி. மார்க் பிள்ளை வாங்கியது. சம்பளம் தகப்பனார் கட்ட வேண்டியது. இவ்விரண்டு கரைகளுக்கும் நடுவே காவிரிப் பாலம் போல் நிற்பதுதான் உபகாரச் சம்பளம். பாலத்தில் ஏறினால் மட்டும் போதாது. அக்கரை வரை நடக்கவும் வேண்டும்.

திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்து 1954-ல் தேறியவர் அப்துல் கலாம். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவற்றைத் தம் சம்பாத்தியத்தில் மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார். அதற்கு அன்று அவருக்கு இருந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உபகாரச் சம்பளம் பெறுவதே. பெற்றும் விட்டார். ஆனால் ஒரு சமயம் விமான வரைபட வேலை பின்தங்கிப் போயிற்று. பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் தவணை கொடுத்தார். தவறினால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார். ஊண் உறக்கம் மறந்து வரைபலகையே கதியென்று நின்று, வேலையை முடித்தார் கலாம்.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. காவிரிக் கரையோடு கிழக்கே போனால் கும்பகோணம். 1904-ல் அங்கே அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார் கணித மேதை ராமானுஜன். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். இங்கிலீஷில் தவறினார், உபகாரச் சம்பளமும் போயிற்று. எப்.ஏ. பரீட்சையில் கடைசிவரை அவர் தேறவே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது 1913-ல்தான். இடையே வறுமையில் கழிந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது?

இன்றைய பிள்ளைகளுக்கு வழிகள் பல உண்டு. அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. தேர்வாகும் ஆயிரம் பேருக்குப் பட்டப் படிப்பு வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். மத்திய அரசின் திட்டம் ஒன்றும் உண்டு. பிளஸ் டூவில் தம் பிரிவில் தேறியவர்களுள் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கு மேற்படாதவர்கள் அதற்கு மனுச் செய்யலாம். பட்டப் படிப்புக்கு வருஷம் 12,000 ரூபாய், மாணவரின் பாங்கிக் கணக்கிலேயே சேரும். பாதி இடங்கள் பெண்களுக்கு.

நிபந்தனையைத்தான் பலர் படிப்பதில்லை. வருஷா வருஷம் ஐம்பது சதவீத மார்க்கும், எழுபத்தைந்து சதவீத வருகையும் வேண்டும். மறுபடி மனுவும் போட வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, மார்க் வாங்கிய பிள்ளையைத் தட்டிக் கொடுங்கள். அந்தக் கையோடு இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கும் எழுதிப் போடுங்கள். கடைசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். புத்தி கெட்டிக்காரனாக இருந்தும் ஒரு காகிதம் தவறியதால் படிப்பு நின்றது என்ற பேச்சு, எந்த வீட்டிலும் எழ வேண்டாம்.