கோல்டிட்ஸ்: ஆள் அடைத்த கோட்டை

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், முல்டே ஆற்றை ஒட்டிய பாறைமேல் நிற்கிறது கோல்டிட்ஸ் கோட்டை. இரண்டாம் உலகப் போரில், மற்ற முகாம்களிலிருந்து தப்பப் பார்த்த நேச நாட்டு அதிகாரிகளை நாஜி ராணுவம் அடைத்துவைத்த இடம் என்றுதான் உலகம் இதை அறியும். சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும் வளர்த்த புகழ் அது. ஆனால் போர்க்கைதிகள் இருந்தது 1939 முதல் 1945 வரை மட்டுமே. பகைவரைத் தடுக்க எழுப்பிய மதிலுக்குள் சாக்சனி ஆட்சியாளர்கள் 16-ஆம் நூற்றாண்டில் வேட்டை மாளிகை அமைத்தார்கள். அரச குடும்பத்துக்கு அது வேண்டாததானபின், 1803-இல் ஏழைகளை அடைத்து வேலைவாங்கும் இல்லமானது. 1829 முதல் 1924 வரை மனநோயாளிகள் காப்பகம். 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அரசியல் எதிரிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது; வேண்டாதவர்களைக் கண்மறைவாக வைக்கும் வேலையைத்தான் 1803-க்குப் பிறகு அந்தச் சுவர்கள் மீண்டும் மீண்டும் செய்தன.

காப்பகத்தைச் சிறையோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்கலாம். நோக்கம் வேறுதான். ஆனால் இங்கே சேர்க்கப்பட்டவர்கள் இனிக் குணமாக மாட்டார்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்கள். இசைமேதை ராபர்ட் ஷூமானின் மகன் லுட்விக் 23 வயதில், 1871-இல், இங்கே வந்தார். 1899-இல் இங்கேயே இறந்தார். வெளியே போக முடியாதவருக்கு நோக்கத்தின் வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்?

தப்பும் முயற்சிகளின் துணிவு போற்றத்தக்கதே என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பிரிட்டிஷ் கைதிகள் பரணில் போலிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் ரகசியமாக ஒரு கிளைடரையே கட்டினார்கள். தரைப்பலகையும் கட்டில் சட்டமும் அதற்கு எலும்பு; மெத்தையுறைத் துணி தோல். உணவுக்குக் கிடைத்த தினையைக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியைத் துணிமேல் பூசி விறைப்பாக்கினார்கள். அது பறக்குமுன்பே, 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படை வந்துவிட்டது. ஆனால் அந்த அதிகாரிகள் வீடு திரும்பிப் புத்தகம் எழுதினார்கள். ஏழைகளும் நோயாளிகளும் எழுதவில்லை. கோட்டையின் வரலாறு ஒருபக்கமாகச் சாய்ந்தது அதனால்தான்.

கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தொடங்கி 1996 வரை மருத்துவமனையும் முதியோர் இல்லமும் இங்கே இயங்கின. 2007 முதல் ஒரு பகுதி இளைஞர் விடுதி. இன்று யாரும் வந்து தங்கலாம், விரும்பியபோது வெளியேறலாம். அங்கே போக வாய்ப்பவர்கள் கிளைடர் கட்டிய பரணைத் தேடிப் பாருங்கள். கூடவே, லுட்விக் 28 ஆண்டுகள் வாழ்ந்த இடம் எது என்றும் கேளுங்கள்.