பூனை நாக்கில் ஒரு சீப்பு!

ஒட்டன்சத்திரம் தெருப்புழுதியில் புரண்டுவிட்டு வரும் பூனையைக் கவனித்திருக்கிறீர்களா? வந்ததும் உட்கார்ந்து உடம்பை நக்க ஆரம்பித்துவிடும்.

அதன் நாக்கு முழுக்கக் கொக்கி போன்ற குட்டி முட்கள்! அவற்றின் நுனியில் உள்ள குழிதான் எச்சிலை முடியின் அடிவரை கொண்டுபோகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் இதை 2018இல் வெளியிட்டார்கள்.

நீங்களும் உதவலாம். முடி வளரும் திசையிலேயே மெதுவாகச் சீவிவிடுங்கள். உதிர்ந்த முடி வயிற்றுக்குள் போய் உருண்டையாவது குறையும். அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை.

ஆனால் ஜாக்கிரதை! பூனையின் மேல் தடவுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளும் போகும். பினாயில், கற்பூரம், நாய்களுக்கான சில உண்ணி மருந்துகள் அதன் உயிருக்கே ஆபத்து. உண்ணி தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூனை பிறாண்டிவிட்டதா? சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மறைக்காமல் அம்மா, அப்பாவிடம் சொல்லி டாக்டரிடம் போங்கள்!